அதிமதுரம் மண்ணுக்குள் போன கதை

செடிகளும் வாய்திறந்து பேசிய அந்தக் காலத்தில், அதிமதுரத்தின் இனிப்பு அதன் காய்களில் இருந்தது. மேற்கே, மணல் நிறைந்த ஓர் ஆற்றங்கரையில் அந்தச் செடி தனியாக நின்றது. உலகத்தில் அதன் இனத்தில் அது ஒன்றுதான். அந்த ஆண்டு பதினேழு காய்கள் காய்த்திருந்தன. ஒரு காயாவது முற்றி விதை உதிர்ந்தால்தான் இனம் பிழைக்கும். இதுவரை ஒரு காய்கூட முற்றியதில்லை.

காரணம், மூன்று விருந்தாளிகள். வடக்கே பனிக்கடலிலிருந்து ஒரு காட்டு வாத்து வரும். பாலைவனத்திலிருந்து ஓர் ஒட்டகம் வரும். தெற்கே, மிளகுக்கொடி படரும் நம் நாட்டிலிருந்து ஒரு குயில் வரும். மூன்றும் தின்பதோடு நிறுத்தாமல் குறையும் சொல்லும்.

“செடியம்மா, உப்பே இல்லையே,” என்றது வாத்து, நாலாவது காயை விழுங்கிக்கொண்டே. “எங்கள் பக்கம் எதைத் தின்றாலும் உப்பு நாக்கில் நிற்க வேண்டும்.”

“உப்பா? தொண்டை வறண்டு போகும்,” என்றது ஒட்டகம். “கொஞ்சம் கசப்பு இருந்தால்தான் தாகம் அடங்கும்.”

“அக்கா, எனக்கு இனிப்பு பிடிக்கும்,” என்றது குயில்.

செடிக்கு உயிர் வந்தது.

“ஆனால் காரம் இல்லாத இனிப்பு தொண்டையில் ஒட்டுகிறது. அப்புறம் நான் எப்படிப் பாடுவது?”

செடிக்கு வந்த உயிர் திரும்பிப் போனது.

“இதோ பார் வாத்தே, போன வருஷம் நீ கேட்டாய் என்று சேற்றிலிருந்து உப்பை உறிஞ்சி வைத்தேன். ஒட்டகம் துப்பியது. அதற்கு முந்தின வருஷம் கசப்பு வைத்தேன். குயில் அழுதது. ஒரு வாய்க்கு ஒரு ருசி என்றால் நான் எங்கே போவேன்?”

“கோபப்படாதே,” என்றது ஒட்டகம். “நல்லதற்குத்தானே சொல்கிறோம்.”

“நல்லது சொல்கிறவர்கள் கொஞ்சம் குறைவாகத் தின்னலாம்.”

ஒரு வாரத்தில் ஒரே ஒரு காய்தான் மிஞ்சியது. “இதை மட்டும் விட்டுவிடுங்கள்,” என்று செடி கெஞ்சியது. “இன்னும் நாலு நாளில் முற்றிவிடும். இதுவும் போனால் எனக்குப் பிறகு யாரும் இல்லை.” மூன்றும் சரி என்று தலையாட்டின.

மூன்றாம் நாள் அவற்றுக்குள் ஒரு வாக்குவாதம் வந்தது. முற்றும்போது காயில் உப்பு ஏறுமா, கசப்பு ஏறுமா, காரம் ஏறுமா என்று. “தின்ன மாட்டேன், பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன்,” என்று வாத்து ஒரு கொத்து கொத்தியது. ஒட்டகம் ஒரு கடி கடித்தது. குயில் மிச்சத்தைப் பிளந்தது.

“ஒன்றும் ஏறவில்லை,” என்று மூன்றும் ஒரே குரலில் சொல்லித் துப்பின. விதைகள் ஆற்றோடு போயின.

 அன்று பகல் முழுவதும் செடி தன்னிடம் இருந்த இனிப்பைச் சொட்டுச் சொட்டாகக் கீழே இழுத்து, வேருக்குள் பதுக்கியது. இலைகளில் பிசின் பூசிக்கொண்டது. காய் போன காம்புகளில் முள் வைத்தது.

மறுநாள் வாத்தின் அலகு இலையில் ஒட்டிக்கொண்டது. ஒட்டகத்தின் உதட்டில் முள் குத்தியது.

“இனிப்பு எங்கே?” என்று கத்திய ஒட்டகம், செடியை ஓங்கி உதைத்தது. மணல் பறந்தது, வேர் துண்டு துண்டாகச் சிதறியது. ஒரு துண்டை நக்கிப் பார்த்த ஒட்டகம் அப்படியே நின்றுவிட்டது. வேர் முழுக்க இனிப்பு.

செடி தன் கதை முடிந்தது என்றே நினைத்தது. பத்து நாளில், மணலில் புதைந்த ஒவ்வொரு துண்டிலும் ஒரு தளிர் எட்டிப் பார்த்தது. எத்தனையோ ஆண்டு காய்த்து நடக்காதது ஓர் உதையில் நடந்துவிட்டது.

“வேரை எடுத்துக்கொண்டு போங்கள்,” என்றது செடி. “பாதியை மண்ணில் விட்டுவிட்டு மீதியை எடுங்கள். உப்போ கசப்போ உங்கள் வீட்டில் போய்ச் சேர்த்துக்கொள்ளுங்கள். ருசியைப் பற்றி இனி என்னிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது.”

வாத்து கொண்டுபோன வேரைப் பனிக்கடல்காரர்கள் உப்பிட்டுத் தின்றார்கள். பாலைவனத்தில் அதை ஊறவைத்துக் கறுத்த பானமாகக் குடித்தார்கள். குயில் கொண்டுவந்த துண்டு நம் ஈரமண்ணில் முளைக்காமல் காய்ந்து குச்சியாயிற்று. தொண்டை கட்டியவர்கள் அதை மிளகோடு இடித்துச் சாப்பிட்டார்கள்.

அந்தக் கடைசிக் காய் போன நாளிலிருந்துதான் அதிமதுரம் தன் இனிப்பை வேரில் வைத்திருக்கிறது. யார் என்ன குறை சொன்னாலும், மண்ணுக்குள் இருப்பதால் அதன் காதில் விழுவதில்லை.