தாவுற நேரத்துல ஒண்ணும் நடக்காது

பேச்சிமுத்துக்கு ஐம்பத்தாறு வயது. பாலிடெக்னிக்கில் கணக்கு வாத்தியார். ஆய்வேட்டைக் கொடுக்க இன்று மாலை ஐந்து மணி கெடு. தவறினால் ஏழு வருடப் பாடும் போச்சு. இப்போது பதினொன்று. நெறியாளர் ஜெசிந்தா மேடம் அவரைவிட இருபது வயது இளையவர். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறக்கிற வழியைக் காணோம்.

“என்ன குறை மேடம்? வளர்ற அளவு எந்த வரம்பைத் தாண்டாதுங்கிற அசமன்பாடு. காலம் இடைவிடாம ஓடினா மூணாம் அத்தியாயம். தத்தித் தத்திப் போனா நாலாம் அத்தியாயம். ரெண்டுக்கும் நிரூபணம் இருக்கு.”

“கொஞ்ச நேரம் ஓடி, ஒரு தாவு தாவி, மறுபடி ஓடினா?”

“தாவுற நேரத்துல ஒண்ணும் நடக்காது. விட்ட இடத்துலேர்ந்து ஓடும். இதையுமா எழுதணும்?”

போன் அடித்தது. பைண்டிங் கடையில் ஐந்து பிரதிகளோடு நிற்கும் மைத்துனன் சுடலைமணி.

“அத்தான், அட்டை போடச் சொல்லவா, வேண்டாமா?”

“இருடே.”

“அரைமணியா நிக்கேன்.”

“இருன்னா இரு.”

“வெயில்ல நிக்கேன் அத்தான்! நான் என்ன உங்க—”

மேடம் போனைப் பிடுங்கி அணைத்தார்.

“நான் அணைக்கிறப்ப மைத்துனர் எவ்வளவு கோபத்துல இருந்தார்? பத்துக்கு எத்தனை?”

“ஒரு மூணு இருக்கும்.”

மேடம் டிபன் பாக்ஸைத் திறந்து வெள்ளரிப்பிஞ்சு தின்றார். பேச்சிமுத்து கடிகாரத்தையும் வெள்ளரிப்பிஞ்சையும் மாறி மாறி முறைத்தார். கால்மணி நேரம் போயிற்று. மேடம் சுடலைமணிக்குப் போனைப் போட்டு அவரிடம் நீட்டினார்.

“பேசுங்க சார். விட்ட இடத்துலேர்ந்து.”

அடித்த முதல் மணியிலேயே எடுத்தான் சுடலைமணி.

“போனையா அணைக்கீரு? உமக்குப் பட்டம் ஒண்ணுதான் குறைச்சல்னு எங்கக்கா அன்னைக்கே சொன்னா! அஞ்சையும் ஆத்துல வீசிட்டுப் போறேன்!”

பேச்சிமுத்து போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார்.

“இப்ப எவ்வளவு?”

“ஒம்பது.”

“ஒரு நொடி மட்டும் அணைச்சிருந்தா?”

“அணைச்சதே தெரியாது. கொஞ்சங் கொஞ்சமா ஏறியிருப்பான்.”

“ஒரு மணி நேரம் அணைச்சிருந்தா?”

“வீசிட்டே போயிருப்பான்.”

மேடம் டிபன் பாக்ஸை மூடினார். பேச்சிமுத்து அவசரமாகச் சொன்னார்: “சரி மேடம். ஓடுறதுக்கு ஒண்ணு, தத்துறதுக்கு ஒண்ணு இருக்கு. இந்தத் தாவலுக்கு அஞ்சாவதா ஒரு அத்தியாயம் எழுதிச் சேத்துடறேன். போதுமா?”

“உங்களுக்கு மைத்துனர் எத்தனை பேர் சார்?”

“ஒருத்தன். அதுவே தாங்கல.”

“ஓடினாலும் தத்தினாலும் தாவினாலும் ஏறுறது அந்த ஒருத்தர்தானே. அப்புறம் எதுக்கு மூணு அத்தியாயம்?”