கை தூக்காதவர்

முதலில் கேட்டது ரிசீவரை வைக்கும் சத்தம். டொக். சற்று நேரம் கழித்து மறுபடி டொக். தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ பெருமூச்சு விட்டார்கள். மறுபடி டொக்.

"இருபத்தியாறு ஆச்சு." தங்கபுஷ்பம் தடுப்புக்கு மேல் தலையை நீட்டினாள். கொடையாளர்களுக்குப் போன் போடுவது அவள் வேலை. "இருபத்தியாறு பேரும் ஒரே பாட்டு. போன மாசம்தானே குடுத்தேன்ங்காங்க. ஒருத்தர், ஏம்மா உங்க ஆபீஸ்ல கணக்கே வச்சுக்க மாட்டீங்களான்னு ஏசுதாரு."

சவரிமுத்து தன் கம்ப்யூட்டர் திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். கோவில்பட்டியில் அந்த ரத்தக்கொடையாளர் சங்கத்தின் வேனைப் பதினெட்டு வருடம் ஓட்டியவர். ஆஸ்பத்திரி வாசல்களில் காத்துக் கிடந்த நேரத்திலெல்லாம் போனில் பாடம் பார்த்துப் பார்த்தே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். இருட்டில் கண் மங்க ஆரம்பித்து ஸ்டியரிங்கை விட்ட பிறகு, கொடையாளர்களைத் தேடித் தரும் கம்ப்யூட்டர் பக்கத்தை அவர்தான் எழுதினார். இப்போது வயது நாற்பத்தொன்பது.

அந்தப் பக்கத்துக்கு இன்றுதான் முதல் வேலை. பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு ஐந்து மணிக்கு ஆபரேஷன். ஓ நெகட்டிவ் இரண்டு யூனிட் வேண்டும். மணி பதினொன்று.

"நாலு மாசம் ஆகாதவங்களைக் கூப்பிடக் கூடாதுன்னு எழுதித்தானே வச்சிருக்கேன் டீச்சர்," என்றார் பக்கத்து மேசையைப் பார்த்து. "இந்த டேட்டாபேஸ் ஏன் எனக்கு மட்டும் பொய் சொல்லுது?"

அவர் டீச்சர் என்று கூப்பிட்ட பல்கீஸுக்கு இருபத்தெட்டு வயது. மற்ற நாட்களில் ஒரு மென்பொருள் கம்பெனி, சனிக்கிழமைகளில் இங்கே. பழைய கொடையாளர் அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த அட்டையை வைத்துவிட்டு எழுந்துவந்து அவர் எழுதியதைப் படித்தாள்.

கொடையாளர்கள் ஓர் அட்டவணை. அவர்கள் கொடுத்த நாட்கள் இன்னோர் அட்டவணை. பைத்தான் என்ற புரோகிராம் மொழியில் எழுதுவதை டேட்டாபேஸின் மொழிக்கு மாற்றிக் கேட்டுச் சொல்ல நடுவில் லைப்ரரி எனப்படும் ஒரு தயார் புரோகிராம். சவரிமுத்து அதனிடம் ஒரே வரியில் கேட்டிருந்தார்: நான்கு மாதத்துக்கு முன்னால் கொடுத்தவர்கள் யார் யார்?

"கீழ ஹால்ல என்ன அண்ணாச்சி சத்தம்?"

"பேச்சிமுத்து சாரோட முதலுதவி க்ளாஸ். நம்ம பட்டியல் ஆளுகதான், அம்பது பேரு."

"வாங்க போவோம்."

"அஞ்சு மணிக்கு ஆபரேஷன் டீச்சர்."

"அதனாலதான் வாங்கங்கேன்."

ஹாலில் ஒரு ஆளை மேசைமேல் கிடத்தித் தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தார் பேச்சிமுத்து. தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு நிமிடம் வேண்டும் என்றாள் பல்கீஸ்.

"எடுத்துக்கோம்மா. இவன் எங்கயும் ஓடிர மாட்டான்."

அவள் நாற்காலிகளைப் பார்த்துத் திரும்பினாள். "நாலு மாசத்துக்கு முன்னாடி ரத்தம் குடுத்தவங்க கை தூக்குங்க."

முப்பது கைகளுக்கு மேல் எழுந்தன. முதல் வரிசையில் கை தூக்கியவரின் முழங்கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"அண்ணே, அது என்ன?"

"முந்தாநாள் குடுத்தேன்."

"அப்புறம் ஏன் கை தூக்குனீங்க?"

"நீங்க கேட்டீங்க, தூக்குனேன். போன வருசமும் குடுத்திருக்கேன்ல?"

ஹாலே சிரித்தது. சவரிமுத்து சிரிக்கவில்லை; அவர் எழுதிய வரியும் இதையேதான் கேட்டிருந்தது.

"இப்ப நீங்க கேளுங்க அண்ணாச்சி," என்றாள் பல்கீஸ்.

அவர் முதல் நாற்காலிக்காரரிடம் போய், கடைசியாக என்றைக்குக் கொடுத்தீர்கள் என்று விசாரித்தார். இரண்டாவது நாற்காலிக்கு நகரப் பார்த்தார்.

"நான்தான் உங்க புரோகிராம்னு வச்சுக்கோங்க. கேட்டதை என்கிட்ட வந்து சொல்லிட்டு அடுத்த ஆள்கிட்ட போங்க," என்றாள் அவள், வாசலில் நின்றபடி.

நாற்காலி, வாசல். நாற்காலி, வாசல். ஏழாவது தடவையில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"சார், நான் எந்திரிக்கலாமா?" என்றான் மேசைமேல் கிடந்தவன்.

"மயங்கிக் கிடக்கவன் பேசப்பிடாது," என்றார் பேச்சிமுத்து.

"நம்ம பட்டியல்ல ஆறாயிரம் பேரு அண்ணாச்சி," என்றாள் பல்கீஸ்.

சவரிமுத்து நடுவழியில் நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு ஹாலின் முன்னால் வந்து, வேனில் இருந்து ஆட்களை விலகச் சொல்லும் அதே குரலில் சொன்னார்:

"எல்லாரும் அவங்கவங்க கடைசியாக் குடுத்த நாளை மனசுல நினைச்சுக்கோங்க. அந்த நாள் நாலு மாசத்துக்கு முந்தினதா இருந்தா மட்டும் கை தூக்குங்க."

சிலர் விட்டத்தைப் பார்த்தார்கள். சிலர் விரல் மடக்கினார்கள். பதினோரு கைகள் எழுந்தன.

"ஆளாளுக்கு உள்ளுக்குள்ளயே கேட்டுக்கிட்டாங்க!" சவரிமுத்து மாடிப்படிக்கு ஓடப் பார்த்தார்.

பல்கீஸ் அசையவில்லை. அவள் கடைசி வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு பெண் மடியில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தாள். சவரிமுத்துவும் பார்த்தார்.

"நீங்க கடைசியா எப்பம்மா குடுத்தீங்க?"

"நான் குடுத்ததே இல்ல சார். கடைசி நாளை நினைக்கச் சொன்னீங்க. எனக்கு நினைக்க ஒண்ணுமில்ல. சும்மா இருந்துட்டேன்."

"கூப்பிட்டா வருவீங்களா?"

"இதுவரைக்கும் யாரு கூப்பிட்டீங்க?"

அவர் இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இந்த நாலு மாசத்துக்குள்ள ரத்தம் குடுத்த நாள்னு உங்ககிட்ட ஒண்ணாவது இருக்கா? ஒண்ணுகூட இல்லாதவங்க கை தூக்குங்க."

முதலில் எழுந்தது அவள் கை. பிறகு அந்தப் பதினொன்று. பிறகு அங்கங்கே இன்னும் சில. தலைக்கட்டோடு கிடந்தவனும் படுத்தபடியே தூக்கினான். கடைசியில், பாதி உயரத்துக்கு, பேச்சிமுத்துவின் கை.

"சார், நீங்களுமா?"

"முப்பது வருசம் தீக்குள்ள போயிருக்கேன். ஊசின்னாதான் கொஞ்சம்..." என்று இழுத்தார்.

மேலே வந்து சவரிமுத்து எழுதினார். கேள்விக்குள் ஒரு கேள்வி. வெளியே, ஓ நெகட்டிவ் ஆட்கள். உள்ளே, நான்கு மாதத்துக்குள் கொடுத்த நாள் ஏதும் உண்டா? உண்டென்றால் அந்த ஆள் வேண்டாம். பொத்தானை அழுத்தினார்.

ஒரு பெயரும் வரவில்லை.

பல்கீஸ் தன் மேசைக்குத் திரும்பியிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள். "உள்ள இருக்கிற கேள்வியை யாரைப் பார்த்துக் கேட்டீங்க?"

யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. ஊரில் எவரோ ஒருவர் போன மாதம் கொடுத்திருந்ததால் அத்தனை பேரும் கழிந்துபோயிருந்தார்கள். உள்கேள்வியில், வெளியே நிற்கும் இந்த ஆள் என்பதைச் சேர்த்தார். மறுபடி அழுத்தினார்.

கண் இமைப்பதற்குள் வந்தது. ஒன்பது பெயர்கள். அதில் நான்கு பேர் இதுவரை ஒருமுறைகூடக் கொடுக்காதவர்கள்.

தங்கபுஷ்பம் முதல் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். கழுகுமலையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் கருத்தப்பாண்டி.

"ரத்தமா?" என்றது அந்தக் குரல். "பேரு குடுத்து ஆறு வருசம் ஆச்சு தாயி. என் ரத்தம் ஆகாது போலன்னு நானே முடிவு பண்ணிட்டேன். இந்தா, கடைய சாத்திட்டேன். எங்க வரணும்?"

பின்னால் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது.

சவரிமுத்து மேசையை ஓங்கித் தட்டினார். பக்கத்தில் பல்கீஸின் அட்டைக்கட்டு சரிந்து தரையெல்லாம் பரவியது. அவர் கவனிக்கவில்லை. அடுத்த ஐந்தாவது நிமிடம் தடுப்புக்கு மேல் தங்கபுஷ்பத்தின் இரண்டு விரல்கள் உயர்ந்தன.

"ரெண்டாவது ஆளும் பஸ் ஏறிட்டாரு! அண்ணாச்சி, உங்க கம்ப்யூட்டருக்கு இன்னிக்குத்தான் உசுரு வந்திருக்கு!"

மாடியிலிருந்தே தெருவுக்குக் கேட்கும்படி அவர் சிரித்தார். பதினெட்டு வருடம் வேனில் போய்த் தேடியவர்களை, உட்கார்ந்த இடத்தில் இருந்து வரவழைத்திருந்தார். பிறகு குனிந்து அட்டைகளைப் பொறுக்கினார். பல்கீஸும் வந்து பொறுக்கினாள்.

"கடைசியில ஒரே வரிதானே டீச்சர்," என்றார். "அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"வரியைச் சொல்லியிருப்பேன் அண்ணாச்சி. மடியில கையைக் கட்டி உக்காந்திருந்த அந்த அக்காவ எப்படிச் சொல்ல?"

சவரிமுத்து அட்டைக்கட்டில் பாதியைத் தன் மேசைக்கு எடுத்துப் போனார். மேலே இருந்ததை விரித்துத் தட்ட ஆரம்பித்தார். பெயர். ஊர். ரத்த வகை. கொடுத்த நாள் என்ற கட்டம் காலியாக இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்படியே பதிந்துவிட்டு, அடுத்த அட்டையை எடுத்தார்.