முப்பத்தொன்பதாம் தாள்

நார்வே நாட்டில் மழை விடாத ஒரு துறைமுக ஊர். அங்கே ஒரு பழைய வலைக்கிடங்கைப் பள்ளிக்கூடமாக்கி, சுவரொட்டி, புத்தக அட்டை, எழுத்து வடிவம் என்று டிசைன் வேலை எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் சுகிர்தா டீச்சர் என்று ஒருவர். யாழ்ப்பாணத்துக்காரர். வயது முப்பத்தாறு. அதிகம் பேச மாட்டார். பேசியதை இரண்டாவது தடவை சொல்ல மாட்டார்.

அவரிடம் படிக்க சிவகாசியிலிருந்து மாரிக்கனி போயிருந்தாள். ஊரில் ஐந்து வருடம் காலண்டர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் படம் கோத்தவள். அதே லட்சுமி, அதே முருகன். கீழே நகைக்கடை பேர் வரும், உரக்கடை பேர் வரும். கோத்தவள் பேர் எங்கேயும் வராது. ஒரே ஒரு படத்தின் கீழாவது தன் பேர் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பேராசை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆசைதான் அவளை விமானம் ஏற்றிவிட்டது.

டீச்சர் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. மூன்று மூன்று பேராக ஒரு மேசைக்கு உட்கார வைப்பார். மேசைமேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் டியூப் லைட். முதல் ஆள் மனசில் பட்டதை, அடியில் இருப்பது தெரிகிற ஒரு பட்டர் பேப்பரில் வரைந்து வைக்க வேண்டும். மறுநாள் அடுத்த ஆள் அதன் மேல் புதுத் தாள் போட்டு, அடியில் தெரிவதில் தனக்குப் பிடித்ததை எடுத்து, தன்னுடையதையும் கொஞ்சம் சேர்த்து வரைய வேண்டும். அதற்கு மறுநாள் மூன்றாவது ஆள். பிறகு மறுபடி முதல் ஆள். தாளில் பேர் எழுதக் கூடாது. மூலையில் எண் மட்டும். யார் முறையோ அவர் சேர்ந்த தாள் கட்டை வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

முதல் நாளே கனி கேட்டாள்.

“மனசுல தோணுறதை இப்படி வெளிய வச்சா போயிருமே, டீச்சர்.”

“எங்க போகும்?”

கனி கண்ணாடிக்கு அடியில் இருந்த லைட்டைப் பார்த்தாள்.

“மேசையில இருக்கிற எதையும் ஆரும் எடுக்கலாம்” என்றார் டீச்சர். “வைச்சிட்டு எடும். அவ்வளவுதான்.”

கனியின் மேசையில் உள்ளூர்ப் பெண் இங்ரிட்டும், எத்தியோப்பியாவிலிருந்து வந்த டவித்தும் இருந்தார்கள். மூன்று பேருக்கும் பொது மொழி அரைகுறை ஆங்கிலம். சண்டை போட அது போதவில்லை, அதனால் நன்றாகவே ஒத்துப்போனார்கள். கனி பட்டர் பேப்பர் என்று சொல்லும்போதெல்லாம் இங்ரிட் சிரிப்பாள்.

“ஒரு நாள் இதில் சீஸ் சுற்றிக் கொண்டுவரப் போகிறேன், பார்.”

“கொண்டு வா. படத்தைவிட அது ருசியா இருக்கும்” என்பான் டவித்.

முதல் தாளில் இங்ரிட் வரைந்தது, ஆணியில் தொங்கும் ஒரு மழைக்கோட்டு. டவித் அந்தக் கோட்டுக்குள் ஒரு ஆளை வைத்தான். முதுகு காட்டி நிற்கிற ஒரு பெண். கனி அவளுக்கு ஒற்றைப் பின்னல் போட்டுவிட்டாள். அதற்கப்புறம் அவளைச் சுற்றிக் கதவு வந்தது, படி வந்தது, மழை வந்தது. அவளை மட்டும் யாரும் தொடவில்லை. இருந்தது இருந்தபடியே அடுத்த தாளுக்கு ஏறிக்கொண்டு வந்தாள். அப்படித்தான் மூன்று பேரும் நினைத்திருந்தார்கள்.

மார்கழி பிறந்தது. அங்கே அந்த மாதத்தில் பகல் மூன்று மணிக்கே இருட்டிவிடும். ஒரு மத்தியானம் டவித் கட்டைக் கையில் எடுத்து, சீட்டுக்கட்டுப் போல விரலால் விர்ரென்று புரட்டினான். சும்மாதான். புரட்டியவன் மறுபடி புரட்டினான்.

“இங்க வாங்க.”

மூன்று தலையும் ஒன்றாகக் குனிந்தது. தாள்கள் ஓட ஓட, கோட்டு போட்டவள் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மெல்ல. பின்னால் யாரோ கூப்பிட்டது காதில் விழுந்த மாதிரி. முதலில் காது தெரிந்தது, பிறகு கன்னத்து ஓரம். அத்தோடு தாள் முடிந்துபோனது.

“யார் செய்த வேலை?” என்றாள் இங்ரிட்.

“நீதான்” என்றான் டவித்.

“நான் போன வாரம் முழுக்கக் கதவுக்குக் கீல் வரைந்துகொண்டிருந்தேன்.”

“அப்ப கனி.”

“இவ்வளவு கை வந்திருந்தா நான் ஏன் உங்ககூட உக்காந்திருக்கேன்?”

சிரித்தார்கள். பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரிப்பை நிறுத்தினார்கள்.

ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் வெறும் முதுகு, பின்னல். தனித்தாளில் அவள் அசையவே இல்லை. புரட்டினால் மட்டும் திரும்பினாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் புரட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. தாளுக்குத் தாள் ஒரு நூல் அளவு திரும்பினாள். முப்பத்தெட்டாவது தாளில் மூக்கு நுனி வந்துவிட்டது. அடுத்தது கனியின் முறை.

“நாளைக்கு முகம் வந்துடும்” என்றான் டவித். “எனக்கு என்னமோ பயமா இருக்கு. ஆனா பாக்கணும்.”

அந்த வாரமே பரீட்சை வேலையும் வந்து நின்றது. கப்பலை விட்டு இறங்குகிறவர்கள் கண்ணில் முதலில் படும்படி துறைமுகத்தில் மாட்ட ஒரு சுவரொட்டி வேண்டும். பொருள் ஒரே வார்த்தை: வரவேற்பு. ஆளுக்கு ஒன்று செய்ய வேண்டும், கீழே பேர் போட வேண்டும். அதைப் பார்த்துத்தான் இரண்டாம் வருடத்துக்கு இடம். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு இடம். அது கனிக்குக் கிடைத்தால் டவித் ஊருக்குப் போக வேண்டும். டவித்துக்குக் கிடைத்தால் கனி மறுபடி லட்சுமிக்கும் முருகனுக்கும் கீழே கடை பேர் கோக்கப் போக வேண்டும்.

கனி கட்டைத் தன் அறைக்கு எடுத்துப் போனாள். சின்ன லைட்டை அடியில் வைத்து, மாரியாத்தாளை ஒரு தடவை நினைத்துக்கொண்டு, புதுத் தாளைப் போட்டாள்.

பென்சில் அவளைக் கேட்கவில்லை. கோடு முன்னமே தாளுக்குள் இருந்து, பென்சில் அதைத் துடைத்து எடுக்கிற மாதிரி இருந்தது. முடித்துக் கையை எடுத்தபோது, கோட்டு போட்டவள் நேராகக் கனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் சாயலும் இல்லை. சிரிக்கவும் இல்லை. கதவைத் திறந்துவிட்டு, ‘வந்துட்டியா’ என்று கேட்கிற முகம். அவ்வளவுதான். ஆனால் அதைப் பார்த்ததும் கனிக்கு, அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது.

அழுது முடித்தபின் ஒரு நினைப்பு வந்தது. இதை மேசையில் வைத்தால் டவித்தும் எடுப்பான். எடுக்கலாம்தானே.

அவள் அந்தத் தாளைச் சுருட்டி அலமாரியில் வைத்தாள். வேறொரு தாளைப் போட்டு, முப்பத்தெட்டில் இருந்ததைக் கோடு மாறாமல் நகல் எடுத்து, மூலையில் முப்பத்தொன்பது என்று எழுதினாள். மறுநாள் அதுதான் மேசைக்குப் போனது.

டவித் புரட்டினான். பெண் திரும்பினாள், திரும்பினாள், மூக்கு நுனியோடு நின்றாள்.

“நின்னுட்டா” என்றான்.

“களைப்பாக இருக்கும்” என்றாள் இங்ரிட்.

கனி குனிந்து பென்சில் சீவினாள்.

திங்கட்கிழமை சுவரொட்டிகளைப் பள்ளி நடையில் வரிசையாக மாட்டினார்கள். இங்ரிட் கதவை மட்டும் வைத்திருந்தாள். டவித் நனைந்த படிகளை வைத்திருந்தான். கோட்டுக்காரியை இரண்டு பேரும் எடுக்கவில்லை. கேட்டதற்கு டவித், “அவ இன்னும் திரும்பி முடிக்கலையே” என்றான்.

கனியின் சுவரொட்டியில் முகம் இருந்தது. ஆளுயரத்துக்கு. கீழே மாரிக்கனி என்று பேர். நடையில் போகிறவர்கள் எல்லாம் ஒரு நிமிஷம் நின்று போனார்கள். வெள்ளிக்கிழமை நடுவர்கள் வருவதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை கனி பார்த்தபோது முகம் கொஞ்சம் ஒருக்களித்திருந்தது. விளக்கு வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டாள். மத்தியானம் ஒரு கண்தான் தெரிந்தது.

புதன்கிழமை வெறும் பின்னல்.

சுவரொட்டி செய்த கம்ப்யூட்டரைத் திறந்தாள். அதிலும் பின்னல்தான். ஓடிப்போய் அலமாரியில் சுருட்டி வைத்த தாளைப் பிரித்தாள். கோட்டு, முதுகு, பின்னல். ராத்திரி முழுக்க உட்கார்ந்து மறுபடி அந்த முகத்தை வரையப் பார்த்தாள். கண் வந்தது, மூக்கு வந்தது, முகம் வரவில்லை. காலண்டர் லட்சுமிதான் வந்தாள்.

வியாழக்கிழமை காலை டவித்தை நடையில் மறித்தாள்.

“என் போஸ்டரை நீ தொட்டியா?”

அவன் அவளைப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான்.

“திங்கட்கிழமை முகம் இருந்துது. நான் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னேன். நம்ம மேசைக்காரின்னு பாத்ததுமே தெரிஞ்சுது.” சுவரில் இருந்த பின்னலைக் காட்டினான். “நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். அதுக்குள்ள நீயே மாத்திட்டியோன்னு நினைச்சேன்.”

“நான் மாத்தல.”

“அப்ப ஏன் அவ போறா?” என்றான் டவித்.

அதற்குமேல் கனியால் தாங்க முடியவில்லை. சுவரொட்டியைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு, சுகிர்தா டீச்சர் அறைக்குப் போனாள். டீச்சர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். கனி சுவரொட்டியைப் பிரித்துக் காட்டினாள்.

“இவளுக்கு முகம் இருந்துச்சு, டீச்சர். மூணே நாள்ல திரும்பிக்கிட்டா. சத்தியமா சொல்றேன்.”

டீச்சர் திடுக்கிடவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

“எந்தப் பக்கத்தால திரும்பினவ?”

“இடப்பக்கமா.”

“ம்.”

அந்த ‘ம்’ கேட்டு கனி நிமிர்ந்து பார்த்தாள். இப்படி ஒருத்தி திரும்புவதை டீச்சர் இதற்கு முன்பும் கேட்டிருந்த மாதிரி இருந்தது.

“மேசைக் கட்டைக் கொண்டு வாரும்.”

கனி கொண்டு வந்தாள். டீச்சர் மூலை எண்ணைப் பார்த்து, தாள்களை மூன்று கட்டாகப் பிரித்தார். இங்ரிட் தாள்கள் ஒரு பக்கம், டவித் தாள்கள் ஒரு பக்கம், கனி தாள்கள் ஒரு பக்கம். கனியின் கட்டை அவள் கையில் கொடுத்தார்.

“புரட்டும்.”

கனி புரட்டினாள். மழை அசைந்தது. கதவு அசைந்தது. பெண் அசையவில்லை.

“மற்றதையும்.”

டவித் கட்டிலும் அவள் அசையவில்லை. இங்ரிட் கட்டிலும் அசையவில்லை. மூன்றிலும் கல் மாதிரி முதுகு காட்டி நின்றாள்.

டீச்சர் மூன்று கட்டையும் பழையபடி எண் வரிசையாக அடுக்கினார். அவசரமில்லாமல் அடுக்கினார். நேரம் போய்க்கொண்டிருந்தது. பிறகு தானே புரட்டினார். பெண் தலையைத் திருப்பினாள். காது, கன்னம், மூக்கு நுனி. சட்டென்று நின்றாள். டீச்சர் அந்தத் தாளை விரலால் தொட்டார்.

“இது ஆற்ற தாள்?”

“என்னுது.”

“இதில நீர் என்ன சேர்த்தனீர்?”

கனி அந்தத் தாளின் மூலையைத் தடவினாள்.

“முப்பத்தொன்பது எங்க, பிள்ளை?”

கனி பையிலிருந்து, அலமாரியில் இருந்த அந்தத் தாளை எடுத்து வைத்தாள்.

“மேசையில இருக்கிறதை யாரும் எடுக்கலாம்னு நீங்கதான சொன்னீங்க, டீச்சர்.”

“ஓம். எடுக்கலாம்.” டீச்சர் குரலை உயர்த்தவில்லை. “வைச்சனீரோ?”

ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. கனி சேலைத் தலைப்பைத் தேடுகிறவள் மாதிரி ஸ்வெட்டர் நுனியைப் பிடித்துக் கண்ணைத் துடைத்தாள்.

“எனக்கு இடம் போனாலும் போகட்டும், டீச்சர். அந்த மூஞ்சியை ஒரு தடவை பாத்துட்டேன். பாக்காம இருக்க முடியல. என்மேல அவளுக்கு அவ்வளவு கோவமா? ஏன் என்னை விட்டுத் திரும்பிக்கிட்டா?”

டீச்சர் சுவரொட்டியைத் தன் பக்கம் இழுத்து, முதுகு காட்டி நின்றவளை வெகுநேரம் பார்த்தார்.

“அவ உம்மை விட்டுட்டுத் திரும்பேல்லை, பிள்ளை. மற்ற ரெண்டு பேரையும் தேடுறா.”