உத்திரம் தாங்கிய கோப்பு

பெருங்காட்டூர் அரசுப் பல்கலைக்கழகத்தின் கட்டுமானப் பிரிவில் மொத்தம் மூன்று பேர். மூவருக்கும் சேர்த்தே மூளை கொஞ்சம் குறைவு என்று மற்றப் பிரிவுகளில் பேசிக்கொள்வார்கள். அது எழுத்தர் கனகவல்லியின் காதிலும் விழுந்தது. மற்ற இருவரைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு வேறு கவலை. திங்கட்கிழமை பதிவாளர் ஆய்வுக்கு வருகிறார். கேட்ட கோப்பை ஐந்து நிமிடத்தில் கையில் கொடுத்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. 'ஒவ்வொரு கட்டடமும் நிற்கும் வரை அதன் ஆவணங்களைப் பாதுகாக்க வேண்டும்.'

கண்காணிப்பாளர் ஏகாம்பரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார். "அது நிக்குதா இல்லையான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து நின்னுச்சு சார்" என்றார் உதவிப் பொறியாளர் தேவசகாயம்.

"நேத்து நின்னது நேத்தோட போச்சு. இன்னைக்கு?"

நியாயமான கேள்வி. மறுநாள் முதல் தேவசகாயம் காலையில் நாற்பத்து மூன்று கட்டடங்களையும் சுற்றிவந்து, 'நிற்கிறது' என்று கட்டடத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். அறிக்கையும் ஆவணம்தானே? கனகவல்லி அதையும் கோப்பில் சேர்த்தாள். சைக்கிள் கொட்டகை ஒருநாள் சாய்ந்துவிட்டது. பாதிதான் நிற்கிறது என்று முடிவாகி, அதன் கோப்பில் பாதியை மட்டும் கிழித்துப் போட்டார்கள்.

ஆவண அறைக்குப் பழைய சிமென்ட் ஷீட் கூரை. கோப்புகள் நடுவில் ஒரே அடுக்காக உத்திரம் வரை உயர்ந்தன. ஒரு மத்தியானம் உத்திரம் 'மடக்'கென்று முறிந்து அடுக்கின் மேல் வந்து உட்கார்ந்தது.

"நல்லவேளை, ஃபைல் இருந்துச்சு" என்றார் ஏகாம்பரம். மூவரும் டீ குடிக்கப் போனார்கள்.

திங்கட்கிழமை வந்த பதிவாளர் அண்ணாந்து பார்த்தார். "ஏம்மா, இந்த ரூமோட வரைபடத்தை எடு." சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

கனகவல்லி அடுக்கைக் குனிந்து பார்த்தாள். அது ஒன்றாம் எண் கோப்பு. அடுக்கின் ஆக அடியில் இருந்தது.

"அதை உருவினா கூரை விழுந்துடும்" என்று தேவசகாயம் கிசுகிசுத்தார்.

"விழட்டுமே. கட்டடமே நிக்கலைன்னா வரைபடம் எதுக்கு?" என்றார் ஏகாம்பரம்.

"அப்ப அவர் கேட்டதை எப்படிக் குடுக்கறது சார்?" என்றார் தேவசகாயம்.

இதை யோசித்ததிலேயே மூன்று நிமிடம் போய்விட்டது.

கனகவல்லிக்குத்தான் வழி தோன்றியது. அதே கனத்தில் இன்னொரு கோப்பைச் செருகினால் போதும். மேசையெல்லாம் துழாவியதில் ஒன்றே ஒன்றுதான் பொருந்தியது. நிரந்தர ஆணை கையெழுத்துக்குத் தயாராக இருந்த அவளுடைய சொந்தக் கோப்பு. அந்தப் பக்கம் தேவசகாயம் அதைத் தள்ள, இந்தப் பக்கம் அவள் வரைபடத்தை இழுத்தாள். கூரை கொஞ்சம் மண்ணை உதிர்த்துவிட்டு அடங்கியது. நான்கு நிமிடம் ஐம்பது விநாடி.

பதிவாளர் வரைபடத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "கெட்டிக்காரப் பொண்ணு! உன் ஃபைலைக் கொண்டா, இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்."

அவள் அடுக்கின் அடியைக் காட்டினாள். "அங்க இருக்கு சார்."

"வரைபடத்தைத் திரும்ப உள்ளே வெச்சுட்டு அதை உருவிடலாமே?" என்றார் ஏகாம்பரம்.

"அது எப்படிய்யா? அப்புறம் வரைபடம் எங்கன்னு நான் மறுபடியும் கேப்பேனே?"

அதுவும் சரிதான் என்று எல்லோருக்கும் பட்டது.

பதிவாளர் கைக்குட்டையை விரித்து, பேனாவோடு தரையில் குப்புறப் படுத்தார். கோப்பின் ஓரம் இரண்டு விரல் அகலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"கையெழுத்து ஒன்பதாம் பக்கத்துல வருது" என்றார் பதிவாளர். "கூரையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, பக்கத்தைத் திருப்பணும்."

மூவரும் நாற்காலிகளில் ஏறி உத்திரத்துக்குத் தோள் கொடுத்தார்கள்.

"ஒன்பதாம் பக்கம் வந்துடுச்சா சார்?" என்று முனகினார் ஏகாம்பரம்.

"அவசரப்படாதீங்க. முதல் பக்கத்துல இருந்து படிக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போடறதில்ல."