முதுகு சுத்தமா?

கறையான்கள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், ஏரிக்கரைப் புற்று ஒன்றில் யாரும் யாரையும் "நல்லா இருக்கியா?" என்று கேட்கமாட்டார்கள். "முதுகு சுத்தமா?" என்றுதான் கேட்பார்கள். "சுத்தம்" என்று சொல்லி முதுகைக் காட்ட வேண்டும். கேட்டவர் மீசையால் தடவிப் பார்ப்பார். அங்கே சிறகு முளைப்பது குற்றம். அரும்பு தட்டுப்பட்டால் பெருந்தலைக் காவலர்கள் அதை வேரோடு கடித்து எடுப்பார்கள். கடிபட்ட ஒருவர்கூடப் பிழைத்ததில்லை. கேட்டால், ராணியம்மா உத்தரவாம். கேட்டீர்களா அநியாயத்தை!

அந்தப் புற்றில் நொச்சி என்று ஒரு இளம்பெண். ஒருநாள் காலையில் அவள் முதுகு குறுகுறுத்தது. தடவிப் பார்த்தாள். நாலு அரும்பு! ஈர மண்ணை எடுத்து முதுகில் அப்பிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அன்றைக்கென்று பார்த்து ராணிக்கு ஊட்டும் முறை அவளுக்கு. குனிந்த தலை நிமிராமல் ஊட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். ராணியின் மேல் மீசை பட்டால் தலை போய்விடும். பயத்தில் கால் இடறி, நொச்சி ராணியின் முதுகிலேயே விழுந்தாள். மீசையில் ஏதோ தட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சிறகு உதிர்ந்த கட்டைகள்!

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ராணியம்மா... உங்களுக்கா?"

"ஆமாண்டி. நான் தனியாப் பறந்து வந்தவ. இங்கே இறங்கினதும் நானே கழற்றிப் போட்டேன்."

"அப்புறம் எதுக்கு எங்க சிறகைக் கடிக்கச் சொன்னீங்க?"

"என்னது, கடிக்கிறாங்களா?" ராணி தன் பெருத்த உடம்பைத் திருப்பப் பார்த்தாள். "ஐயோ, நான் சொல்லவே இல்லையே! இந்த வாசல்ல என் உடம்பு நுழையாது. வெளியே நடக்கிறதை ஒருத்தரும் எங்கிட்ட சொன்னதில்லை."

செத்தவர்கள் அத்தனை பேரும் யாருமே போடாத உத்தரவுக்காகவா செத்தார்கள்?

வெளியே வந்தாள். கோணன் என்ற காவலன் வழிமறித்தான். "முதுகு சுத்தமா?"

அந்தப் புற்றில் யாரும் சொல்லாததை நொச்சி சொன்னாள். "இல்லை! ராணியம்மா முதுகும் சுத்தமில்லை. போய்த் தடவிப் பாரு!"

கோணன் உறுமிக்கொண்டு உள்ளே போனான். திரும்பி வந்தபோது தாடை தொங்கிப்போயிருந்தது. "ஆமா, அங்கே நாலு கட்டை!" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். அவ்வளவுதான், முதுகு முதுகாக மண் உதிர்ந்தது. அடேயப்பா, எத்தனை பேர் மறைத்து வைத்திருந்தார்கள்! வெளியே மழை விட்டிருந்தது. ஈர மண் வாசனை பட்டதும் அரும்பெல்லாம் சிறகாக விரிந்தது. புற்றை உடைத்துக்கொண்டு எல்லோரும் ஈசல்களாகப் பறந்தார்கள்.

நொச்சி தூரத்து மேடொன்றில் இறங்கிச் சிறகைக் கழற்றிப் போட்டாள். புற்று கட்டினாள், பிள்ளை பெற்றாள், அறைவாசலில் நுழைய முடியாதபடி உடம்பு பெருத்தாள். பயந்துபோவார்கள் என்று பழைய கதையைப் பிள்ளைகளிடம் அவள் சொல்லவே இல்லை. ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பிள்ளைகளின் குரல் கேட்டது.

"முதுகு சுத்தமா? காட்டு. ராணியம்மா உத்தரவு!"

"ஐயோ, நான் சொல்லலையே!" என்று நொச்சி அலறினாள். சுவரைத் தாண்டி அது யாருக்கும் கேட்கவில்லை.

அன்று முதல்தான், ஒரு மழையோடு முடிந்துபோகாமல், ஒவ்வொரு மழைக்கும் ஏதாவது ஒரு புற்றில் யாராவது ஒருத்தி "இல்லை" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஈசல்களும் மண்ணை உடைத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் பறந்து வருகின்றன.