பூவாத்தாளின் மூக்குக்கண்ணாடி

பனியன் கம்பெனியில் பூவாத்தாள் போட்ட தையலெல்லாம் கோணிக்கொண்டு போனது. "கண்ணாடி மாத்தாம வேலைக்கு வராதே" என்றுவிட்டார் சூப்பர்வைசர். 'இலவசக் கண் பரிசோதனை' என்று பலகை போட்ட கண்ணாடிக் கடைக்குப் போனாள்.

கடை முதலாளி தாண்டவமூர்த்தி பேசினால் யானை பிளிறுவது போலிருக்கும். அவளுக்கு முன்னால் நின்ற ஆளிடம், "இந்த மலிவு லென்ஸ் உன் நரம்பை அரிக்குது! தீபாவளிக்கு மத்தாப்புகூடத் தெரியாது!" என்று பிளிறினார். அந்த ஆள் அழுதுகொண்டே, கடையில் இருப்பதிலேயே விலை கூடிய லென்ஸுக்குத் தலையாட்டினான்.

அடுத்தது பூவாத்தாளின் முறை. பையிலிருந்த பழைய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எதிரே போய் உட்கார்ந்தாள்.

பரிசோதனையே இல்லை, தூரத்திலிருந்து ஒரே பார்வைதான். "ஐயய்யோ, இந்த லென்ஸா? வலது கண்ணு போச்சு! இடதும் போய்க்கிட்டே இருக்கு!"

அவளுக்கு நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது. "இருங்க சார், தொடைச்சுக்கறேன்" என்றவள், கண்ணாடியைக் கழற்றாமல் ஃபிரேமுக்குள் விரலை விட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

கடையில் காத்திருந்த கூட்டம் எட்டிப் பார்த்தது.

"லென்ஸு போன வாரமே உடைஞ்சு விழுந்துருச்சுங்க. இல்லாத லென்ஸே இந்தப் பாடு படுத்துதுன்னா, நீங்க விக்கறது என்ன பண்ணுமோன்னு பயமா இருக்குதுங்க!"

யானைக்குரல் பூனைக்குரலானது. "உக்காருங்க அம்மணி... நல்லாப் பாத்துடலாம்."

கூட்டம் நகரவில்லை. அத்தனை பேர் முன்னாலும் எழுத்துப் பலகையை வரிவரியாகப் படிக்கவைத்து, "சாதா லென்ஸே போதும்" என்று அவர் வாயாலேயே சொன்னார். மறுநாள் பூவாத்தாளின் தையல் நேராக ஓடியது.