ஈர மூக்கு

மாடுகள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், மாராயிக்கு மார்கழிதான் பொல்லாத மாதம். புருஷன் செங்கோடன் காலை ஒடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தான். இருட்டோடு எழுந்து சாணி அள்ளி, ஈரத் தரையில் சருகு பரப்பி, புகைமூட்டம் போட்டு, மாடுகளின் முதுகில் சாக்குப் போர்த்துவது எல்லாம் அவள் ஒருத்திதான்.

அதற்குள் குறைகள் வந்துவிடும்.

“சோளத்தட்டு பூஞ்சை பூத்துப்போச்சு. இதை நீ தின்னுவியா?” என்றது எருது.

“புகை கண்ணைக் கரிக்குது,” என்றது எருமை.

“மாடு கேட்டா ஓடுற. நான் சுடுதண்ணி கேட்டு எவ்வளவு நேரமாச்சு?” என்று உள்ளிருந்து கத்தினான் செங்கோடன்.

“நீங்க என்ன, பாலா கறக்கறீங்க?”

எருமை சிரித்தது.

கடைசியாகத்தான் சினைப்பசு மயிலையிடம் வருவாள். “உனக்கு என்ன?”

“எனக்கு ஒண்ணுமில்ல அம்மிணி. நீ போ.”

அந்தப் பதிலுக்காகவே அதைக் கடைசியில் வைத்திருந்தாள். கேட்டதும் தோள் கொஞ்சம் இறங்கும்.

ஒரு விடியலில் மயிலை எழவில்லை. சாக்கு நழுவித் தரையில் கிடந்தது. மாராயி அதன் முகத்தைத் தொட்டாள். மூக்கு வறண்டு, அடுப்புக்கல் போலச் சுட்டது.

“எப்போதிருந்து?”

“பனி இறங்கினதிலிருந்து.”

“ஏன் சொல்லல?”

“நடந்துக்கிட்டே தூங்குற. உன்கிட்ட என்னத்தச் சொல்ல?”

“நீ செத்துப்போனா மட்டும் நான் தூங்குவனா?”

பனியில் நனைந்திருந்த சாக்கை எடுத்து அதன் மூக்கில் அழுத்தினாள். வெயில் ஏறும்வரை கையை எடுக்கவில்லை. எருதும் எருமையும் பசி என்று சொல்லவில்லை.

மயிலை பிழைத்தது. கன்று செத்துப் பிறந்தது.

அதை நெடுநேரம் நக்கிக்கொண்டிருந்த மயிலை, பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்தது. மாராயி அந்த வாயைப் பொத்தினாள்.

“வேண்டாம். இனி உன் வாயைக் கேக்க மாட்டேன். மூக்கைத்தான் கேப்பேன்.”

மயிலை அதன்பின் பேசவில்லை. சாக்கு விட்ட ஈரம் மூக்கில் காயவுமில்லை. அவள் மூக்கைத் தொட்டுப் பார்க்கப் பார்க்க, மற்ற மாடுகளும் ஒவ்வொன்றாகப் பேச்சை விட்டு ஈர மூக்கோடு நின்றன. தொழுவம் அமைதியானது. வேலை குறையவில்லை.

அன்று முதல்தான், விடியலில் தொழுவத்துக்குள் நுழைகிறவர்கள் ஒன்றும் கேட்காமல் மாட்டின் மூக்கைத் தொட்டுப் பார்க்கிறார்கள். ஈரம் இருந்தால் அடுத்த மாட்டிடம் போகிறார்கள். உட்கார நேரமில்லை.